சின்ன பாத்ரூமுக்கு மயில்கழுத்து கலர் அடிக்கலாமா?

காங்கேயத்து மருமகள்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு எங்களுடையது, தொண்ணூறுகளில் மாமா கட்டியது. உள்ளே இருக்கிற பாத்ரூம் ஐந்தடிக்கு ஏழடிதான். கதவைத் திறந்தால் இடது கைப்பக்கம் குழாய், பக்கெட், அதற்கு மேலே கெய்சர், எதிர்ச்சுவரில் வெஸ்டர்ன், அதற்கு மேலே வடக்கே பார்த்த வென்டிலேட்டர், கண்ணாடிப் பட்டைகள் சொருகியது. டைல்ஸ் நாலடி வரைக்கும்தான். அந்தக் காலத்து கிரீம் கலர், மேல்வரிசையில் மட்டும் பழுப்புப் பூப் போட்ட பார்டர். அதற்கு மேலே சீலிங் வரை ஆறடி சுவர், டிஸ்டெம்பர் அடித்தது, சும்மா கை பட்டாலே வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

டைல்ஸைப் பெயர்த்து மாற்றுகிற யோசனை இப்போதைக்கு இல்லை. செலவும் அதிகம், வீட்டுக்குள் இருக்கிற ஒரே பாத்ரூமும் அதுதான். அதனால் பெயின்ட் மட்டும். எனக்கு ரொம்ப நாளாக மயில்கழுத்து கலர் மேல் ஆசை. வீடு முழுக்கச் சந்தனக் கலரும் வெள்ளையுமாக இருக்கிறது, இந்த ஓர் அறையாவது அழுத்தமாக இருக்கட்டுமே என்று நினைக்கிறேன். சொன்னதும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சின்ன ரூமுக்கு அழுத்தமான கலர் அடித்தால் இன்னும் சின்னதாகத் தெரியும் என்கிறார் வீட்டுக்காரர். இருட்டடிக்கும் என்கிறார் பெயின்டர். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்கு வெள்ளைதான் சுத்தம்.

தண்ணி போர் தண்ணி, நல்ல உப்பு. குழாய் மூக்கில் எல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். குழாய்க்கு நேர் மேலே, டைல்ஸ் முடிகிற இடத்தில் ஒரு முழம் அகலத்துக்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. லைட் ஒன்றே ஒன்று, 9 வாட் எல்.இ.டி., பளிச்சென்ற வெள்ளை.

அறை உண்மையிலேயே சின்னதாகத் தெரியுமா? சீலிங்குக்கும் அதே கலரா, இல்லை வெள்ளை விடலாமா? எந்த மாதிரி பெயின்ட் வாங்கணும்? ஆசைப்பட்டு அடித்துவிட்டு அடுத்த பொங்கலுக்குள் உரிந்து தொங்கக் கூடாது, அதுதான் பயம். சித்திரையில் நாத்தனார் குடும்பம் வருகிறது, அதற்குள் முடிக்கணும்.


கோவை பெயின்ட் கடைக்காரர்:

கலரை அப்புறம் பேசலாமுங்க, முதலில் அந்த உப்புப் பூத்த இடம். அதைச் சரி பண்ணாமல் எந்தக் கம்பெனி பெயின்ட்டை அடித்தாலும் உரியத்தான் செய்யும். சுவருக்குள் எங்கிருந்தோ ஈரம் வருகிறது. அது மேலே வந்து காயும்போது கூட்டி வந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும், அந்த உப்பு பெயின்ட்டுக்கு அடியில் உறைந்து பெருத்து அதை வெளியே தள்ளும். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் கலவைக்கும் அதே போர் தண்ணி, கட்டின சுவரை நனைத்ததும் அதே போர் தண்ணி, அதனால் உப்பு சுவரிலேயே இருக்கும். ஈரம் பட்டால் கிளம்பி வரும். ஆக நீங்கள் தேட வேண்டியது ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

அந்தக் காலத்து வீடு என்றால் சுவருக்குள் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய், போட்டிருக்க வாய்ப்பு அதிகம், உப்புத் தண்ணி அதை அரித்துவிடும். பிளம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். டைல்ஸின் மேல்விளிம்பில் சுவரோடு சேர்கிற இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்; அங்கே அடைத்த ஒயிட் சிமென்ட் உதிர்ந்திருந்தால் குளிக்கிற தண்ணி தினமும் அந்த இடுக்கில் இறங்கி டைல்ஸுக்குப் பின்னால் ஊறிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்கிற இடத்தைப் பார்த்தால் எனக்கு அதன் மேல்தான் முதல் சந்தேகம்.

ஈரம் உள்ளே இருந்து வருகிறதா என்று தெரிய ஒரு வழி. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது வெந்நீர் ஆவி, வென்டிலேட்டரிலோ எக்ஸாஸ்ட் ஃபேனிலோ தீர்க்க வேண்டிய விஷயம்.

கசிவு நின்று சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, உப்பை முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடணும். எடுத்ததும் தண்ணி ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். டிஸ்டெம்பரை முழுசாகச் சுரண்டி எடுக்கணும், இதில் பெயின்டரோடு சண்டை போட்டாவது நில்லுங்கள், மாவாக உதிர்கிற டிஸ்டெம்பர் மேல் எமல்ஷன் நிற்காது. பட்டி பார்க்க ஒயிட் சிமென்ட் பட்டி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பாத்ரூமுக்கு ஆகவே ஆகாது, ஈரம் பட்டால் இளகிவிடும். அப்புறம் காரத்தைத் தாங்குகிற பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். எங்கேயாவது புதுசாக சிமென்ட் பூசி அடைத்தால் அந்த இடம் குறைந்தது 28 நாள் ஆறணும். புதுப் பூச்சின் காரம் அழுத்தமான கலர்களைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிடும், வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாது, மயில்கழுத்தில் தெரியும்.

கலருக்கு வருகிறேன். கடையில் மெஷினில் கலர் கலக்கும்போது எல்லாக் கலருக்கும் ஒரே பேஸ் கிடையாது. வெளிர் கலருக்கான பேஸில் டைட்டானியம் வெள்ளை நிறைய இருக்கும். அழுத்தமான கலருக்கான டீப் பேஸில் அது கொஞ்சம்தான், கலர் முழுக்க நாங்கள் சொட்டு விடுகிற டின்டரில் இருந்துதான் வருகிறது. அதனால் சில அழுத்தக் கலர்கள் அடிச்சுவரை மறைக்க மூன்றாவது கோட்டு கேட்கும். சிவப்பும் மஞ்சளும்தான் ரொம்பப் படுத்தும், நீலம் கலந்த பச்சை அவ்வளவு மோசமில்லை. பிரைமர் மேல் ஒரு கோட்டு சாம்பல் கலர் அடித்துக்கொண்டால் அழுத்தக் கலர் சீக்கிரம் ஏறும்.

மேட் வேண்டாம், துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் தேய்ந்து தெரியும். முழு கிளாஸும் வேண்டாம், பட்டியில் இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். நடுத்தரப் பளபளப்பு, சாட்டின் அல்லது சில்க் ஃபினிஷ் என்பார்கள், கழுவக்கூடிய எமல்ஷனாக வாங்குங்கள். ஆயில் பெயின்ட் அடித்தால் தண்ணி நிற்காது என்று யாராவது சொல்வார்கள். முன்புறம் தண்ணி நிற்காது, சரி, ஆனால் பின்னால் ஈரம் இருக்கிற சுவரில் அது கொப்புளித்துவிடும், சிமென்ட் காரமும் ஆயிலும் ஒத்துப்போகாது.

சுற்றளவு 24 அடி, ஆறடி உயரம், கதவையும் வென்டிலேட்டரையும் கழித்தால் ஏறத்தாழ 130 சதுர அடி. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 60, 70 சதுர அடி வரும். சுவருக்கு மட்டும் 2 லிட்டர், சீலிங்கும் சேர்த்தால் 3 லிட்டர். எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் வந்தாலும் அழுத்தக் கலரில் ஒரு சுவர் ஒரு மாதிரி, இன்னொரு சுவர் இன்னொரு மாதிரி தெரியும். மூடியில் ஒட்டியிருக்கிற கலர் கோட் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


பொள்ளாச்சிக் கொத்தனார்:

அம்மிணி, ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நாற்பது வருசம் சுவர் எழுப்பின கை, மனசில் பட்டதைச் சொல்கிறேன். உப்புத் தண்ணிக்காரர்கள் அழுத்தமான கலரிடம் ஜாக்கிரதையாக இருக்கணும். சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கிற வீட்டில் தண்ணி நாலடியோடு நிற்காது, ஆறடி வரைக்கும் தெறிக்கும். தெறித்த சொட்டு காய்ந்தால் வெள்ளைப் பொட்டு. வெள்ளைச் சுவரில் அது தெரியாது, மயில்கழுத்தில் அத்தனையும் தெரியும். கலரில் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் அந்தத் தண்ணி பண்ணுகிற வேலை. சிறுவாணித் தண்ணி வருகிற கோயமுத்தூர்க்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, உங்களுக்கு உண்டு.

அடுத்தது, தோட்டத்து வீடு என்கிறீர்கள். தேளும் பூரானும் வராத பாத்ரூம் தோட்டத்தில் ஏது? சுவர் வெளிறி இருந்தால் ஏறும்போதே கண்ணில் படும். எழுபது வயசுக்காரருக்கு ராத்திரியில் கண் பார்வை எப்படி இருக்கும் என்று யோசியுங்க. அந்தக் காலத்தில் பொடக்காளிக்கு, அதான் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்துக்கு, வருசா வருசம் சுண்ணாம்பு அடித்தோம், கொஞ்சம் நீலம் கலந்து. சுண்ணாம்புக் காரத்தில் பூசணம் பிடிக்காது, சுவரும் மூச்சு விடும், அடித்த அன்றைக்கே அறை வெளிச்சமாகிவிடும். எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆனாலும் அம்மிணிக்கு அந்தக் கலர்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. குழாய் இருக்கிற சுவரில் மட்டும் டைல்ஸை இன்னும் மூன்றடி உயர்த்துங்க. ஏழடி அகலத்துக்கு மூன்றடி, 21 சதுர அடிதான், ஒரு பெட்டி, ஒன்றரைப் பெட்டி டைல்ஸ் வரும், பழசைப் பெயர்க்க வேண்டியதில்லை. உப்புப் பூத்த இடமும் அதே சுவரில்தான் இருக்கிறது, எப்படியும் கொத்திப் பூசணும். பூசும்போது கலவையில் வாட்டர்புரூஃப் கலந்து, டைல்ஸை ஒட்டிவிட்டால் தெறிக்கிற இடம் முழுக்க மறைந்துவிடும். மிச்சம் மூன்று சுவருக்கு இஷ்டப்பட்ட கலரை அடியுங்க. கலவைக்கு மட்டும் போர் தண்ணி வேண்டாம், நல்ல தண்ணி நாலு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க.


திருப்பூர் மெர்ச்சன்டைசர்:

பனியன் கம்பெனியில் தினமும் கலரோடுதான் பிழைப்பு, அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மயில்கழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்? பட்டில் அந்தக் கலர் வருவதே பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் என்று இரண்டு நூல் சேர்வதால்தான். மடிப்பு அசைய அசைய ஒரு பக்கம் நீலம் அடிக்கும், ஒரு பக்கம் பச்சை அடிக்கும். பெயின்ட்டில் அந்த மாயம் நடக்காது, சுவர் ஒரே கலர்தான். அதனால் நீலம் தூக்கலாகவா பச்சை தூக்கலாகவா என்று நீங்கள்தான் முடிவு பண்ணணும். உங்கள் டைல்ஸ் கிரீம் என்பதால் நான் பச்சைப் பக்கம் போகச் சொல்வேன். கிரீமுக்குப் பக்கத்தில் சுத்தமான நீலத்தை வைத்தால் கிரீமில் இருக்கிற மஞ்சள் எழும்பி வந்து டைல்ஸ் அழுக்காகத் தெரியும், டைல்ஸில் ஒரு மாற்றமும் இருக்காது, கண்ணுக்கு அப்படித் தெரியும். பச்சை கலந்த மயில்கழுத்து அந்தக் கிரீமோடு ஒத்துப்போகும். அந்தப் பழுப்புப் பூவும் உங்களுக்கு உதவிதான், பழுப்பு என்பது அடங்கின ஆரஞ்சு, ஆரஞ்சுக்கு நேர் எதிர்க்கலர்தான் இந்த நீலப்பச்சை, இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். இப்போது பழசாகத் தெரிகிற அந்தப் பார்டர் வேண்டுமென்றே வைத்த மாதிரி ஆகிவிடும்.

இனி லைட். லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணி, வந்தால் நாங்கள் டேபிள் மேல் வைத்துப் பார்த்து ஓகே சொல்வது கிடையாது. லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டி.எல்.84 என்கிற கடை வெளிச்சத்தில் ஒரு தடவை, மஞ்சள் பல்பில் ஒரு தடவை பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்துகிற இரண்டு கலர் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து போய்விடும். பெயின்ட் கடை டியூப் லைட்டுக்குக் கீழே ஷேட் கார்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் இதே கதைதான். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற வெள்ளை எல்.இ.டி. 6500 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்கிற அளவு, எண் ஏற ஏற நீலம்), அதில் உங்கள் கலர் நீலமாகவும் கொஞ்சம் ஜில்லென்றும் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே கலர் பச்சைக்குச் சாய்ந்து மங்கும். 4000 கெல்வின் என்று அட்டையில் போட்ட பல்பு வாங்குங்கள், இரண்டுக்கும் நடுவே நிற்கும். சி.ஆர்.ஐ., அதாவது பல்பு கலர்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்கிற எண், 90க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணாடியில் முகமும் முகமாகத் தெரியும்.

பல்பு ஒன்று போதாது. ஷேட்டுகளுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு, விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற கணக்கு. நல்ல வெள்ளை 80க்கு மேல் திருப்பித் தரும், அழுத்தமான மயில்கழுத்து 10, 15தான் தரும். மிச்சத்தைச் சுவர் தின்றுவிடும். 9 வாட் பல்பு ஏறத்தாழ 900 லூமன், அதோடு கண்ணாடிக்கு மேலே இன்னொன்று மாட்டிவிடுங்கள். பெயின்டர் இருட்டடிக்கும் என்று சொன்னது இதைத்தான், அதற்குக் கலரை மாற்ற வேண்டியதில்லை, பல்பைக் கூட்டினால் போதும். இன்னொன்று, வடக்கு வென்டிலேட்டர் மட்டும் இருக்கிற அறையில் வெள்ளை வெள்ளையாகவே இருக்காது. திருப்பி அனுப்ப வெளிச்சம் வந்தால்தானே அது பளிச்சிடும், இல்லையென்றால் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

சாம்பிளைப் பழைய சுவரில் சின்னத் திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றி இருக்கிற கலர் கண்ணை ஏமாற்றும். பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட்டு அடித்து, ஓரத்தில் இரண்டு விரல்கடை வெள்ளை விட்டு, டைல்ஸ் மேல் விளிம்பில் ஒட்டி வைத்துக் காலையில், மத்தியானம், ராத்திரி லைட் போட்டு என்று பாருங்கள். பக்கத்தில் அடுத்த ஷேட்டும் ஒன்று இருக்கட்டும், ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.


ஈரோட்டு அக்கா:

கொத்தனார் ஐயா சொன்ன உப்புப் பொட்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி, டைல்ஸ் உயர்த்தச் சொன்னதும் நல்ல யோசனை. ஆனால் பெரியவர்களுக்கு வெள்ளைதான் நல்லது என்பதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க ஐயா. எங்கள் மாமியார் கண் புரை ஆபரேஷனுக்கு முன்னால் வெள்ளைச் சுவர், வெள்ளை வெஸ்டர்ன், வெள்ளை வாஷ்பேசின் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எது எங்கே இருக்கிறது என்று கையால் தடவுவார். அழுத்தமான சுவருக்கு முன்னால் வெள்ளை வெஸ்டர்ன் தனியாக எடுத்துத் தெரியும். வயதானவர்களுக்கு வெளிச்சமும் வேண்டும், பொருளுக்கும் சுவருக்கும் நடுவில் வித்தியாசமும் வேண்டும். காங்கேயத்துத் தங்கச்சி, அத்தைக்காக வெஸ்டர்ன் பக்கத்தில் ஒரு பிடிமானக் கம்பி மாட்டுகிற எண்ணம் இருந்தால் பெயின்ட்டுக்கு முன்னாலேயே டிரில் போட்டுவிடு, அப்புறம் போட்டால் சுவர் பெயர்ந்து அந்த இடத்தை மட்டும் பூசித் திருத்த வேண்டி வரும், அழுத்தக் கலரில் அந்தத் திருத்தம் காலத்துக்கும் தெரியும். தேள், பூரானுக்கு வந்தால், உன் தரையும் நாலடி டைல்ஸும் கிரீம்தானே, அதில் ஏறும்போதே தெரிந்துவிடுமே.

எங்கள் பாத்ரூம் உன்னுடையதை விடச் சின்னது, நாலுக்கு ஆறு. அரக்குக் கலர், சீலிங் உட்பட. சீலிங்கை வெள்ளை விடுவதா என்று எங்கள் வீட்டிலும் பெரிய விவாதம். சுவர் அழுத்தமாக, சீலிங் வெள்ளையாக இருந்தால் இரண்டும் சேர்கிற இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு விழும், அந்தக் கோடுதான் அறை இவ்வளவுதான் என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மேலேயும் அதே கலர் ஓடினால் மூலைகள் அடங்கிவிடும், எங்கே முடிகிறது என்று கண் தேடாது. எங்கள் அறை பெரிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், நாலுக்கு ஆறு நாலுக்கு ஆறுதான். ஆனால் உள்ளே போனால் நெருக்குகிற உணர்வு இல்லை, அதை அடித்துச் சொல்வேன். உனக்குச் சீலிங் பத்தடி உயரம் என்பதால் கொஞ்சம் யோசி: பத்தடி உயரத்தில் ஐந்தடி அகலம் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும், சீலிங்கும் அழுத்தமானால் அது கீழே இறங்கி வந்த மாதிரி தெரியும், உன் அறைக்கு அது நல்லதுதான்.

பெரிய பெரிய ஆலோசனைக்கு நடுவில் யாரும் பக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. நம் பாத்ரூமில் கத்துகிற கலர் எல்லாம் பிளாஸ்டிக்தான். நீலப் பக்கெட், சிவப்பு மக்கு, பச்சைப் பிரஷ், ரோஸ் கலர் சோப்பு டப்பா, ஆரஞ்சு ஸ்டூல். சுவர் அமைதியாக இருந்தவரை அதெல்லாம் பொறுத்துக்கொள்ளும், சுவர் வாய் திறந்தால் இதெல்லாம் அதோடு சண்டைக்கு நிற்கும். பெயின்ட் செலவோடு ஒரு வெள்ளைப் பக்கெட்டும் மக்கும் சேர்த்துக்கொள், அல்லது பித்தளைச் சொம்பும் எவர்சில்வர் பக்கெட்டும் இருந்தால் இறக்கு, மயில்கழுத்துக்குப் பக்கத்தில் பித்தளை அவ்வளவு அழகு. டவல் வெள்ளையோ கடுகு மஞ்சளோ. சென்னிமலையில் கிடைக்கிற சாதாரணக் கைத்தறித் துண்டே போதும்.

உப்புப் பொட்டுக்கு நாங்கள் செய்வது: கடைசியாகக் குளிக்கிறவர் ஈரத் துணியைப் பிழிந்து ஒரு துடை. அவ்வளவுதான். டைல்ஸில் ஊற்றுகிற பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சுவர்ப் பக்கம் கொண்டு போகாதே, பெயின்ட்டையும் கெடுக்கும், டைல்ஸ் நடுவில் இருக்கிற சிமென்ட்டையும் தின்றுவிடும். அப்புறம் அதே இடுக்கில்தான் தண்ணி இறங்கும்.


கோவை பெயின்ட் கடைக்காரர்:

ஈரோட்டு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அழுத்தக் கலர் எமல்ஷன் தொட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். அடித்த இரண்டாம் நாளே கெய்சரைப் போட்டு ஆவி பறக்கக் குளித்தால் சுவரில் பிசுபிசுவென்று கோடு கோடாக வழியும். பெயின்ட்டில் சேர்த்திருக்கிற சோப்பு மாதிரியான பொருள் ஈரத்தில் வெளியே வருவது அது. வெள்ளையில் லேசான பழுப்பு, அழுத்தக் கலரில் நன்றாகவே தெரியும். குறைந்தது ஒரு வாரம் அந்தப் பாத்ரூமில் வெந்நீர் வேண்டாம், வெளியே தோட்டத்துத் தொட்டியில் குளித்துக்கொள்ளுங்கள்.

மாசி பங்குனி உங்கள் பக்கம் வெயிலும் காய்ந்த காற்றும், இதை விட நல்ல நேரம் இல்லை. ஆடிக்குத் தள்ளினால் காற்றில் வருகிற மண் எல்லாம் ஈரப் பெயின்ட்டில் ஒட்டும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே காயாது.


காங்கேயத்து மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்றே பிளம்பர் வந்து பார்த்துவிட்டார். பைப்பில் கசிவு இல்லை, கடைக்காரர் அண்ணா சந்தேகப்பட்ட மாதிரி டைல்ஸின் மேல்விளிம்பில்தான் ஒயிட் சிமென்ட் முழுக்க உதிர்ந்து, கத்தி நுனி உள்ளே போகிற அளவுக்கு இடுக்கு. பாலிதீன் தாள் அந்த இடத்தில் உள்பக்கம் வேர்த்திருந்தது, எதிர்ச்சுவரில் சொட்டு ஈரம் இல்லை.

குழாய்ச் சுவருக்குக் கொத்தனார் ஐயா சொன்னபடி மூன்றடி டைல்ஸ் உயர்த்துவது என்று முடிவு. அதே கிரீம் இப்போது கிடைக்காது, எப்படித் தேடினாலும் ஒரு ஷேட் மாறும், அதனால் பொருத்தப் பார்க்காமல் சுத்த வெள்ளையில் சின்ன டைல்ஸ் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மிச்ச மூன்று சுவரும் சீலிங்கும் பச்சை தூக்கலான மயில்கழுத்து. சார்ட் பேப்பரில் இரண்டு ஷேட் அடித்து ஒட்டினேன், திருப்பூர் அண்ணா சொன்னது அப்படியே, நீலம் தூக்கலானதுக்குப் பக்கத்தில் டைல்ஸ் கறை பிடித்த மாதிரி இருக்கிறது, பச்சைக்குப் பக்கத்தில் அந்தப் பழுப்புப் பூ புதுசாகத் தெரிகிறது. 4000 கெல்வின் பல்பு காங்கேயத்தில் கிடைக்கவில்லை, திருப்பூரில் இருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் பிடிமானக் கம்பியைச் சொன்னேன், கலரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அது எந்த உயரத்தில் வரணும் என்று இப்போது அவரே நின்று அளந்து காட்டுகிறார்.

இரண்டே சந்தேகம். வெள்ளை டைல்ஸ் கிரீமுக்கு மேலே வந்தால் ஒட்டாமல் நிற்குமா? டைல்ஸ் பார்டர் மேல் பெயின்ட் வழியாமல் நேர்க்கோடாக முடிக்க என்ன செய்யணும்?


திருப்பூர் மெர்ச்சன்டைசர்:

சுத்த வெள்ளை வேண்டாமுங்க, கிரீம் தோற்றுவிடும். பொருந்தாத கிரீமும் வேண்டாம், அதுதான் எல்லாவற்றையும் விட மோசம், மேட்ச் பண்ணப் பார்த்து முடியாமல் போனது என்று பார்த்ததும் தெரியும். சுவர்க் கலரிலேயே, அதாவது பச்சை நீலத்தில் பளபளப்பான சின்ன டைல்ஸ் கிடைத்தால் போடுங்கள். பெயின்ட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை, பளபளப்பு வேறு என்பதால் ஒரு ஷேட் முன்னே பின்னே இருந்தாலும் கண் ஒத்துக்கொள்ளும். நாலு சுவரும் ஒரே கலராக ஓடும், கிரீம் முழுக்கக் கீழே பட்டையாக நிற்கும். கொத்தனார் ஐயா, அந்த டைல்ஸில் உப்புப் பொட்டு தெரியாதா என்று கேட்பார். தெரியும், ஆனால் டைல்ஸ்தானே, எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவினால் போய்விடும், பெயின்ட்டில் அப்படித் தேய்க்க முடியாது.


கோவை பெயின்ட் கடைக்காரர்:

கோட்டுக்கு மாஸ்கிங் டேப். டைல்ஸை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு ஒட்டுங்கள், ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். அதற்கு முன்னால் அந்த இடுக்கை ஒயிட் சிமென்ட்டால் மறுபடி அடைக்க வேண்டாம், திரும்ப உதிரும்; பெயின்ட் ஏறுகிற மாதிரியான அக்ரிலிக் சீலன்ட்டைக் குழல் துப்பாக்கியில் வைத்து விட்டு, விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் பெயின்ட் நிற்காது. கடைசிக் கோட்டு அடித்ததும் காயும்வரை காத்திருக்காமல், ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக, மெதுவாக இழுத்து உரியுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் பெயின்ட்டும் தோலாகக் கூடவே வரும்.